சிலம்பத்தை சிலம்பமா ஆக்குறது எது? கராத்தே, டேக்வாண்டோ எல்லாம் கலந்தா அப்புறமும் அது சிலம்பம்தானா?

லாஸ்பேட்டைலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். சின்ன வயசுல வில்லியனூர் பக்கம் ஒரு வாத்தியார்கிட்ட கம்பு கத்துக்கிட்டாராம், காலேஜ் போனப்புறம் கராத்தேல பிரவுன் பெல்ட் வரைக்கும் போயிருக்கார், இப்போ போற கிளாஸ்ல மாஸ்டர் கம்பு வீச்சுக்கு நடுவுல டேக்வாண்டோ உதை, நுஞ்சாக்கு, தீப்பந்தம்னு எல்லாத்தையும் சேர்த்து சொல்லிக் கொடுக்கிறாராம். ஆடி மாசம் கடலூர் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழால இவங்க டீம் ஆடினதைப் பாத்த ஒரு பெரியவர் "இது சிலம்பமே இல்லப்பா"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாராம். அதனால தம்பி கேக்கிறது, ஒரு தற்காப்புக் கலைக்கு அடையாளம் கொடுக்கிறது எது, அடிகளா, குரு பரம்பரையா, பழமையா, பேரா, டிரெஸ்ஸா? கூடவே, தானே ஒரு கிளாஸ் ஆரம்பிச்சு அதுக்கு புதுப்பேர் வெக்கலாமான்னும் கேட்டிருக்கார்.

தம்பி, கேள்வி பொதுவா இருக்கு, ஆனா நீங்க தெரிஞ்சுக்க நினைக்கிறது வேற ஒண்ணுன்னு நினைக்கிறேன். இவ்வளவு வருஷம் வேர்வை சிந்தி கத்துக்கிட்டதுக்கு ஒரு வேர் இருக்கா இல்லையா, அதானே? அதையே மனசுல வெச்சுக்கிட்டு பதில் சொல்றேன். நான் சின்னப் பையனா இருக்கும்போது கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன் பக்கம் கம்பு புடிச்சவன், அப்புறம் மஞ்சக்குப்பத்துல கராத்தே, கொஞ்ச காலம் பாண்டில ஜூடோ, இப்போ பல வருஷமா சாயங்காலத்துல பசங்களுக்கு சிலம்பம் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால கம்பு, கராத்தே, ஜூடோ இந்த மூணுலயும் நான் சொல்றது உடம்புல பட்டுத் தெரிஞ்சது, மத்தது படிச்சும் பாத்தும் தெரிஞ்சது. வர்மமும் குமரி மாவட்டத்து அடிமுறையும் நான் முறையா கத்துக்கலை, அதனால அந்தப் பக்கமே போகலை, அதை அங்க ஆசான்கிட்ட இருந்து கத்துக்கிட்டவங்கதான் சொல்லணும்.

முதல்ல என் பதிலைச் சொல்லிடறேன். அடிகளோட லிஸ்ட் ஒரு கலைக்கு அடையாளம் கொடுக்காது. மனுஷனுக்கு ரெண்டு கை ரெண்டு கால்தான், முட்டி எந்தப் பக்கம் மடங்கணுமோ அந்தப் பக்கம்தான் மடங்கும், அதனால நேர்க்குத்து பாக்ஸிங்லயும் இருக்கும், கராத்தேலயும் இருக்கும், விங் சுன்லயும் இருக்கும், நம்ம குத்துவரிசைலயும் இருக்கும். ஒவ்வொரு கலையும் தனக்குன்னு ஒரு பிரச்சனையை எடுத்துக்குது: எதிர்ல வர்றவன் யாரு, கையில என்ன வெச்சிருக்கான், எவ்வளவு தூரத்துல நிக்கிறான், ஒருத்தனா பல பேரா, காலுக்குக் கீழ என்ன தரை. அந்தப் பிரச்சனைக்கு அது மாறாத ஒரு பதில் வெச்சிருக்கும். அந்த பதிலை உடம்புக்குள்ள இறக்குறதுக்கு ஒரு பயிற்சி முறையும் வெச்சிருக்கும். பிரச்சனை, பதில், பயிற்சி மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னா அதுக்கு அடையாளம் தானா வந்துடும், டிரெஸ்ஸும் பேரும் அதுக்கு அப்புறம்தான். இதுல பயிற்சி முறைதான் ரொம்ப பெரிய ஆளு, ஏன்னா தினமும் எதைச் செய்யிறோமோ அதுதான் உடம்புல தங்கும், போர்டுல என்ன எழுதியிருக்குன்னு உடம்புக்குத் தெரியாது.

இதை நல்லா புரிஞ்சுக்க ஜூடோவைப் பாருங்க, ஏன்னா அது எப்படிப் பொறந்துச்சுன்னு தெளிவா பதிவாகியிருக்கு. ஜிகோரோ கானோ 1882ல டோக்கியோல எய்ஷோஜின்னு ஒரு கோயில்ல பன்னெண்டு பாய் விரிச்ச சின்ன எடத்துல கோடோகான்ங்கிற ஜூடோ பள்ளியை ஆரம்பிச்சார். அவர் அதுக்கு முன்னாடி டென்ஜின் ஷின்யோ ரியூ, கிட்டோ ரியூன்னு ரெண்டு ஜுஜுட்சு மரபுகள்ல கத்துக்கிட்டவர். ஜூடோல இருக்கிற தூக்கி எறியுற முறைகள்ல நிறைய அவர் புதுசா கண்டுபுடிச்சது கிடையாது, பழைய மரபுகள்ல இருந்ததுதான். அப்போ புதுசா என்ன செஞ்சார்? எதிராளியோட நிலையை முதல்ல குலைச்சிட்டு அப்புறம்தான் எறியணும்ங்கிறதை, குசுஷின்னு சொல்லுவாங்க, எல்லா எறிமுறைக்கும் அடிப்படையா வெச்சார். அதுக்கு மேல, குத்து உதை மாதிரி முழு பலத்தோட பழக முடியாத ஆபத்தான விஷயங்களை எல்லாம் கட்டான்னு சொல்ற அமைச்ச வரிசைக்குள்ள கொண்டு போய் வெச்சிட்டு, மிச்சத்தை ரண்டோரின்னு ரெண்டு பேரும் நிஜமாவே எதிர்த்து முழு வேகத்துல பழகுற முறைக்குக் கொண்டுவந்தார். கேக்கும்போது ஆபத்தானதை எடுத்துட்டா கலை பலவீனமாயிடுமேன்னு தோணும். ஆனா தினமும் நிஜமா எதிர்க்கிற ஆளை எறிஞ்சு பழகினவனும், ஒத்துழைக்கிற ஆளை மட்டும் வெச்சு பயங்கரமான பிடிகளைப் பழகினவனும் மோதினா என்ன ஆகும்னு பாய்ல ஒரு தடவை நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும். எதைச் சேர்த்தார்ங்கிறதை விட, தினசரி பயிற்சிலேருந்து எதை வெளிய வெச்சார்ங்கிறதுதான் ஜூடோவை ஜூடோவா ஆக்குச்சு.

அதே ஜூடோல இன்னொரு பாடமும் இருக்கு. 2010ல சர்வதேச ஜூடோ சம்மேளனம் நேரா காலைப் புடிச்சு எறியுறதுக்கு போட்டில தடை கொண்டு வந்துச்சு, 2013ல அதை இன்னும் இறுக்கி நின்னுக்கிட்டு இருக்கும்போது காலைக் கையால தொடவே கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. பழைய ஆளுங்களுக்கு பயங்கர கோபம், இது ஜூடோவே இல்லைன்னு சொன்னாங்க, உங்ககிட்ட அந்தப் பெரியவர் சொன்ன மாதிரியே. ஆனா நிலை குலைக்கிறது, புடி, இடுப்புச் சுழற்சி, எறிஞ்சப்புறம் தரைல கட்டுப்படுத்துறது எல்லாம் அப்படியேதான் இருந்துச்சு, கால் புடிக்கிற எறிமுறைகளும் கோடோகானோட பாடத்துல இருக்கு. என் கணிப்புல அடையாளம் போகலை, ஓரம்தான் மாறுச்சு. ஆனா ஒரு தலைமுறை முழுக்க அந்த விதிலயே வளர்ந்தா, காலுக்கு வர்ற ஆளைத் தடுக்கத் தெரியாம நிமிர்ந்தே நிக்கிற உடம்புகள் உருவாகும்ங்கிறதும் உண்மைதான். விதியும் ஒரு வாத்தியார்தான், சத்தமில்லாம சொல்லிக் கொடுக்கிற வாத்தியார்.

கராத்தேல இது இன்னும் பளிச்சுன்னு தெரியும், நீங்களே போட்டுப் பாத்திருப்பீங்க. ஷோட்டோகான்ங்கிற கராத்தே பிரிவோட பாயிண்ட் போட்டில அடி பட்டதும் நிறுத்திடுவாங்க, அதனால தூரத்துல நின்னு சட்டுன்னு பாய்ஞ்சு ஒரு அடி வெச்சிட்டு வெளிய வர்றவன்தான் ஜெயிப்பான். மாஸ் ஒயாமா உருவாக்கின கியோகுஷின்ங்கிற இன்னொரு பிரிவுல முழு பலத்தோட அடிக்கலாம், தலைக்கு உதை கூட விடலாம், ஆனா கையால முகத்துல குத்தக் கூடாது. அந்த ஒரு விதி போதும். முகத்துக்கு கை வராதுன்னு தெரிஞ்சதும் ரெண்டு பேரும் நெஞ்சோட நெஞ்சு ஒட்டுற மாதிரி நின்னுக்கிட்டு விலாவுலயும் தொடைலயும் அடிச்சுக்கிறாங்க. ரெண்டும் கராத்தே, ரெண்டுக்கும் வெள்ளை டிரெஸ், அடிகளோட பேர் கூட பெரும்பாலும் ஒண்ணுதான், ஆனா தூரம் வேற, மூச்சு வேற, காலோட எடை வேற. டேக்வாண்டோலயும் அப்படித்தான், 2000 சிட்னி ஒலிம்பிக்ல பதக்க விளையாட்டா வந்துச்சு, 2012 லண்டன்ல நெஞ்சுக் கவசத்துல எலக்ட்ரானிக் சென்சார் வெச்சு பாயிண்ட் எண்ண ஆரம்பிச்சாங்க, அப்புறம் முன்னங்காலைத் தூக்கி வெச்சுக்கிட்டே தட்டித் தட்டி விளையாடுறது ரொம்ப அதிகமாச்சு. சென்சார் எதை எண்ணுதோ அதைத்தான் கால் கத்துக்கும்.

இப்போ சிலம்பத்துக்கு வர்றேன். சிலம்பம் எடுத்துக்கிட்ட பிரச்சனை என்ன? கையில நீளமான ஒரு கம்பு, வெட்டவெளி, ஒருத்தனுக்கு மேல எதிராளி, எந்தப் பக்கத்துலேருந்து வேணும்னாலும் அடி வரலாம். அதுக்கு சிலம்பம் சொல்ற பதில் காலடி. பாக்கிறவங்க கண்ணு கம்பு மேலதான் இருக்கும், அது சுத்துற வேகமும் காத்தைக் கிழிக்கிற சத்தமும் அப்படி, ஆனா வாத்தியார் கண்ணு எப்பவும் கால் மேலதான் இருக்கும். என் வாத்தியார் மொதல்ல கம்பையே கொடுக்கலை, வெறுங்கையோட காலடி மட்டும் மாசக்கணக்குல நடக்க விட்டார், அப்போ எரிச்சலா இருந்துச்சு, இப்போ நானும் அதையேதான் செய்றேன்.

ஏன்னு கொஞ்சம் கிட்டப் போய் பாப்போம். நெத்தி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு எடுங்க. வலது கை கம்போட பின்முனைக்குப் பக்கத்துல, இடது கை அங்கேருந்து ஒரு முழம் தள்ளி, உடம்பு எதிராளிக்கு நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டா. இப்போ சுத்த ஆரம்பிச்சா முன்முனை போடுற வட்டம் ரொம்ப பெருசு, அதுக்குள்ள உங்க சொந்தக் காலும் வருது. பாதம் மண்ணோட ஒட்டிக்கிட்டு நின்னா கம்பு உங்க முட்டிலயே வந்து விழும். அதனால கம்பு கீழ எறங்குற அதே நேரம் அந்தப் பக்கத்துக் கால் விலகியாகணும், விலகின கால் அடுத்த அடிக்கு எடம் கொடுத்தாகணும். இப்படிப் பாத்தா காலடிதான் கம்பை ஓட்டுது. தேவனாம்பட்டினம் கடற்கரைல ஈர மணல்ல பசங்களை ஆட விட்டா இது அப்படியே எழுதிப் போட்ட மாதிரி தெரியும், பழகின பையன் ஆடி முடிச்ச எடத்துல தடம் சாய்வா, குறுக்கால, ஒரு ஒழுங்கோட இருக்கும், சும்மா வீடியோ பாத்து சுத்தக் கத்துக்கிட்டவன் நின்ன எடத்துல ரெண்டு பள்ளம்தான் இருக்கும்.

இன்னும் ஒண்ணு, நான் புதுசா வர்ற பசங்களை வெச்சு எப்பவும் பாக்கிறது. இடது நெத்திப்பொறிக்கு ஒரு அடி விடுவேன், மெதுவாத்தான். கராத்தேலேருந்து வந்த பையன் நேரா ரெண்டு எட்டு பின்னாடி போய் கம்பை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல குறுக்கே தூக்கிப் புடிப்பான். அடி நின்னுடும், அவன் கம்பும் நின்னுடும். அங்கதான் மாட்டிக்குவான், ஏன்னா என் கம்போட அடுத்த முனை அதுக்குள்ள அவன் கெண்டைக்காலுக்குக் கிளம்பியிருக்கும். கம்புல வளர்ந்த பையன் பின்னாடி போக மாட்டான், வலது காலை சாய்வா வெச்சு அடி வர்ற கோட்டை விட்டு விலகுவான், அந்த நேரமே அவன் கம்பு கீழேருந்து சுத்திக்கிட்டு வந்து என் கம்பைத் தட்டிட்டு, நிக்காம அப்படியே என் முட்டிக்கு வரும். தடுப்பும் அடியும் அவனுக்கு ஒரே வீச்சு. யாரும் அவனுக்கு இதை தத்துவமா சொல்லிக் கொடுக்கலை. கம்பு நிக்கக் கூடாது, கால் நேர்க்கோட்டுல போகக் கூடாது, ரெண்டு முனையும் வேலை செய்யணும், இந்த மூணும் அவன் உடம்புக்குள்ள இருக்கு. அவசரத்துல, யோசிக்க நேரமில்லாதப்போ உடம்பு எதுக்குத் திரும்பிப் போகுதோ அதைத்தான் நான் அந்தக் கலையோட அடையாளம்னு சொல்லுவேன்.

துளுக்காணம், மறக்காணம், நாகம் பதினாறு, குறவஞ்சி, கள்ளப்பத்து, நிலைக்கலக்கின்னு சிலம்பத்துக்குள்ளயே எத்தனை முறை இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். ஊருக்கு ஊர் பாடம் மாறுது, ஆட்டம் ஆரம்பிக்கிறப்போ வணக்கம் வெக்கிற சலாம் வரிசை மாறுது, ஒரு வாத்தியார் வெக்கிற காலை இன்னொருத்தர் தப்புன்னு சொல்றார். இருந்தாலும் எல்லாத்தையும் சிலம்பம்னுதான் சொல்றோம், ஏன்னா மேல சொன்ன அந்த அடிப்படை எல்லாத்துலயும் ஓடுது. ஒரே ராகத்தை ரெண்டு வித்வான் ரெண்டு மாதிரி பாடுற மாதிரிதான், சுரம் மாறாத வரைக்கும் ராகம் மாறாது.

பழமை விஷயத்துக்கு வருவோம், இங்கதான் நம்ம ஆளுங்க ரொம்ப உணர்ச்சிவசப்படுறாங்க. சிலம்பம் தமிழ்நாட்டுல தலைமுறை தலைமுறையா வந்த கலைங்கிறதுல யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனா அஞ்சாயிரம் வருஷம், பத்தாயிரம் வருஷம்னு போஸ்டர்ல போடுறதுக்கு ஆதாரம் கிடையாது, போட வேண்டிய அவசியமும் கிடையாது. காஞ்சிபுரத்துலேருந்து போன போதிதர்மர்தான் சீனாவுல ஷாவோலின் மடத்துல குங்ஃபூவை சொல்லிக் கொடுத்தார்ங்கிற கதையும் அப்படித்தான். போதிதர்மர் அஞ்சு, ஆறாம் நூற்றாண்டு ஆளு. அவரை உடற்பயிற்சியோட சேர்த்துப் பேசுற ஒரு சீன நூல் 1624 வாக்குல எழுதப்பட்டதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, நடுவுல ஆயிரம் வருஷ இடைவெளி. நமக்குப் பெருமையா இருக்குங்கிறதுக்காக அதை உறுதியான வரலாறு மாதிரி பசங்களுக்கு சொல்லிக் கொடுக்க எனக்கு மனசு வரலை. அதுவும் தவிர, பழமைதான் அடையாளம்னா ஜூடோவுக்கு அடையாளமே இருக்கக் கூடாது, டேக்வாண்டோங்கிற பேரே 1955லதான் வந்துச்சு. வயசு குறைஞ்ச அந்தக் கலைகளைத் தூரத்துலேருந்து பாத்தாலே இது இன்னதுன்னு சொல்லிடலாம்.

பரம்பரையை மட்டும் நான் அப்படித் தள்ள மாட்டேன். சர்டிபிகேட்டும் சுவத்துல மாட்டியிருக்கிற வாத்தியாரோட வாத்தியார் போட்டோவும் உங்க காலைத் திருத்தாது, அது சரி. ஆனா பாடத்துல எழுதாத விஷயங்கள் ஆள்லேருந்து ஆளுக்குத்தான் வருது. மணிக்கட்டு எந்த நேரத்துல தளரணும், கம்பு கழுத்தைத் தாண்டும்போது தாடை எங்க இருக்கணும், எதிராளி பாவ்லா காட்டுறானா நிஜமா வர்றானான்னு தோளைப் பாத்து எப்படிப் புரிஞ்சுக்கணும், இதெல்லாம் ஒரு வாத்தியார் பக்கத்துல நின்னு தோள்ல தட்டி தட்டி சொன்னாதான் ஏறும். கேரளத்துல களரிக்கு 42 அடி நீளம் 21 அடி அகலம்னு தரையையே அளந்து, பள்ளமா தோண்டி வெச்சிருக்காங்க, உடம்புப் பயிற்சியான மெய்த்தாரிலேருந்து ஆரம்பிச்சு, மர ஆயுதத்துக்கு கோல்த்தாரி, இரும்பு ஆயுதத்துக்கு அங்கத்தாரின்னு போய் கடைசிலதான் வெறுங்கை. அந்த எடமும் அந்த வரிசையும் மாறாம வர்றதுனாலதான் அந்த உடம்பும் மாறாம வருது. பரம்பரைன்னா எனக்கு அதுதான், திருத்துற கை அறுந்து போகாம வர்றது.

இப்போ கலப்பு. கலந்தா கெட்டுப் போயிடும்னு சொல்றவங்க வரலாற்றைப் பாக்கலைன்னு அர்த்தம். கானோவே ரெண்டு மரபைக் கலந்தவர்தான். கோடோகான்லேருந்து போன மிட்சுயோ மயேடா 1914ல பிரேசிலுக்குப் போய் சேர்ந்து, கார்லோஸ் கிரேஸிக்கு சொல்லிக் கொடுத்தார், அந்தக் குடும்பம் ஜூடோல கொஞ்ச நேரம்தான்னு இருந்த தரைச் சண்டையையே முழுநேரப் பிரச்சனையா எடுத்துக்கிட்டு, எடம் புடிக்கிறது முதல்ல, மூட்டைப் பூட்டுறது அப்புறம்னு ஒரு பதில் உருவாக்கி, தினமும் அதையே நிஜ எதிர்ப்போட பழகி, பிரேசிலியன் ஜுஜுட்சுன்னு ஒரு தனிக் கலையே வந்துடுச்சு. 1993ல எல்லாக் கலைக்காரங்களும் மோதுற யுஎஃப்சியோட முதல் போட்டில ராய்ஸ் கிரேஸி ஜெயிச்சப்புறம் உலகமே அதைத் திரும்பிப் பாத்துச்சு. அங்க வேற வேற கலையிலேருந்து ஒருத்தரோட ஒருத்தர் மோதுன போட்டி, போகப் போக கம்பிக் கூண்டு ஓரமா தள்ளி மல்லுக்கட்டுறது வரைக்கும் தனக்குன்னு ஒரு முறையை உண்டாக்கிக்கிச்சு. இதையெல்லாம் பாத்தா எனக்குத் தெரியுறது, பிரச்சனையும் பயிற்சியும் மாறும்போதுதான் புதுக் கலை பொறக்குது, பழைய வீச்சுக்கு நடுவுல நாலு உதையைச் சொருகினா பொறக்காது.

அதனால உங்க மாஸ்டர் சொல்லிக் கொடுக்கிறது சிலம்பமா இல்லையான்னு நேர்ல பாக்காம நான் தீர்ப்பு சொல்ல முடியாது, நீங்களே பாத்துக்கலாம். அந்த டேக்வாண்டோ உதையை விட்டதுக்கு அப்புறம் கால் எங்க வந்து எறங்குதுன்னு பாருங்க. காலடில அடுத்து எங்க வரணுமோ அங்கயே எறங்கி வீச்சு அறுபடாம தொடர்ந்தா, அதை சிலம்பம் உள்ள வாங்கிக்கிச்சு, ஒண்ணும் குறை இல்லை. உதைக்காக கம்பு நின்னு, உடம்பு நிமிர்ந்து, கராத்தே நிலைல எறங்கி, மறுபடி முதல்லேருந்து சுத்த ஆரம்பிக்கிறீங்கன்னா ரெண்டு கலை பக்கத்துல பக்கத்துல நிக்குது, அவ்வளவுதான். உங்களுக்கு இது கஷ்டமாவே இருந்திருக்கும், ஏன்னா கராத்தேல முன்முட்டியை மடக்கி நீளமா ஊணி நிக்கிற நிலையும் கம்பு காலடியும் ஒரே காலுக்கு வேற வேற உத்தரவு போடும். ரெண்டும் கத்துக்கலாம், தாராளமா, ஆனா ஒரே நேரத்துல ரெண்டுக்கும் கால் கொடுக்க முடியாது. நுஞ்சாக்கு எனக்குத் தெரிஞ்சு நம்ம பாடத்துல கிடையாது, அது ஒகினாவா பக்கத்து ஆயுதம், அதை அந்தப் பேர்லயே சொல்லிக் கொடுத்தா தப்பே இல்லை. தீப்பந்தத்தைப் பத்தி அந்தப் பெரியவர் சொல்லியிருந்தா நான் ஒத்துக்க மாட்டேன். திருவிழால, சாமி ஊர்வலத்துல அலங்காரமா ஆடுறது சிலம்பத்தோட ஒரு பக்கம்தான், மாசி மகத்துக்கு தீர்த்தவாரிக்கு சாமி வரும்போது முன்னாடி கம்பு சுத்திக்கிட்டு வர்ற பசங்களைப் பாத்துதான் எங்க தலைமுறைல பாதி பேர் கம்பையே எடுத்தோம்.

எனக்கு உண்மைலயே கவலையா இருக்கிறது கலப்பு இல்லை தம்பி. எதிராளி காணாம போயிட்டான், அதான் கவலை. 2024 ஜனவரில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டில சிலம்பத்தை காட்சி விளையாட்டா சேர்த்தாங்க, அன்னைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்னு சொல்ல முடியாது. ஊர் ஊருக்கு கிளாஸ் வந்துடுச்சு, பொம்பளப் புள்ளைங்க அவ்வளவு பேர் வர்றாங்க, நல்லா ஆடுறாங்க. ஆனா நிறைய கிளாஸ்ல தனியா நின்னு சுத்துறது மட்டும்தான் நடக்குது, ஒத்தைக் கம்பு, ரெட்டைக் கம்பு, சுருள்வாள்னு, ஏன்னா அதுல சீக்கிரம் மெடல் வரும், அடி படாது, அப்பா அம்மாவுக்கும் பயமில்லை. தொடுமுறைப் போட்டி, அதாவது எதிர் எதிரா நின்னு தொட்டு பாயிண்ட் எடுக்கிறதுக்கு வர்ற பசங்க கம்மி. அந்தக் காலத்துல கம்பு முனைல சாயப்பொடி தடவி ஆடவிட்டு, ஆட்டம் முடிஞ்சதும் யார் உடம்புல எத்தனை கறைன்னு எண்ணுற வழக்கம் இருந்துச்சு, யாரும் ஏமாத்த முடியாது, கறை சொல்லிடும். எதிர்ல ஆள் இல்லாம பத்து வருஷம் சுத்துறவனுக்கு எதுக்காக கால் விலகுதுன்னே தெரியாது, தெரியாததை அவன் தன் பசங்களுக்கு சொல்லிக் கொடுக்கும்போது கால் இன்னும் கொஞ்சம் நின்னுபோகும். டேக்வாண்டோவுக்கு சென்சார் செஞ்சதை நமக்கு மார்க் ஷீட் செஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. இது என் பயம், நடந்தே தீரும்னு சொல்லலை, நல்ல நடுவர்களும் நல்ல வாத்தியார்களும் இருக்காங்க, தொடுமுறைக்கு பாதுகாப்புக் கவசம் போட்டு ஆட வெக்கிறாங்க, அது பெருகணும்.

கடைசியா உங்க கிளாஸ். ஆரம்பிங்க, ஆனா இப்போதைக்கு புதுப்பேர் வேண்டாம். புதுப்பேர் வெக்கணும்னா நான் மேல சொன்ன மாதிரி உங்களுக்குன்னு ஒரு பிரச்சனையும் அதுக்கு ஒரு பதிலும் இருக்கணும், "கம்பும் தெரியும் கராத்தேயும் தெரியும்"ங்கிறது அது ஆகாது. போர்டுல சிலம்பம், கராத்தேன்னு ரெண்டையும் தனித்தனியா போட்டு, ரெண்டுக்கும் வேற வேற நாள் வெச்சுடுங்க, பசங்க கால் குழம்பாது, வர்ற பெத்தவங்களுக்கும் எதுக்கு ஃபீஸ் கட்டுறோம்னு தெளிவா இருக்கும். கராத்தேக்கு நீங்க பிரவுன் பெல்ட்தான்ங்கிறதால உங்க மாஸ்டர்கிட்ட கேட்டுக்கிட்டு செய்யிறதுதான் முறை. வில்லியனூர் வாத்தியார் இன்னும் இருக்கார்னா ஒரு தட்டுல வெத்தல பாக்கு பழம் வெச்சு எடுத்துக்கிட்டு போய் சொல்லிட்டு வாங்க, போகும்போது கம்பையும் எடுத்துக்கிட்டு போங்க, அவர் முன்னாடி ஒரு தடவை காலடி போட்டுக் காட்டுங்க, இத்தனை வருஷ கராத்தேல கால் எங்க நகர்ந்திருக்குன்னு அவர் பாத்த உடனே சொல்லிடுவார். முதல் ஆறு மாசம் பசங்களுக்கு அலங்கார வீச்சு எதுவும் வேண்டாம். காலடி, நாலு பக்க அடி தடுப்பு, வாரத்துல ஒரு நாளாவது தலைக்கவசம் போட்டு எதிர் எதிரா தொடுமுறை. கம்பு பிரம்பா இருந்தா சின்னப் பசங்களுக்கு வலி கம்மி, மூங்கில் பெரிய பசங்களுக்கு கொடுங்க. அந்தப் பெரியவர் கடலூர்ல யார்னு விசாரிச்சு, முடிஞ்சா நேர்ல போய் எந்த எடத்துல அவருக்கு சிலம்பம் இல்லைன்னு பட்டுச்சுன்னு கேளுங்க. எந்தக் காலைப் பாத்து அப்படிச் சொன்னார்னு தெரிஞ்சா இங்க வந்து எழுதுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.